கடல் கடந்து வந்த இழைப்பு இயந்திரம்

கண்ணால் காணாத பொருளுக்குக் காசு கொடுப்பது அறிவுடைமை ஆகாது என்பது நம் முன்னோர் கொள்கை. கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்ப்பார்கள். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மண்பானை வாங்கினால் விரலால் தட்டி ஓசை கேட்பார்கள். பார்த்து, தட்டி, பேரம் பேசி, இரண்டு முறை எழுந்து போவதுபோல் போக்குக் காட்டி, அதன் பிறகே மடியை அவிழ்ப்பார்கள். அவர்களிடம் போய், "நாலாயிரம் கல்லுக்கு அப்பால் அரை டன் எடையுள்ள ஓர் இரும்பு இயந்திரம் இருக்கிறது, அதைப் படத்தில் மட்டுமே பார்த்து, முகம் அறியாத மனிதனிடம் ஏலத்தில் எடுக்கப் போகிறோம்" என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? பையனுக்குப் படிப்பு மிகுந்து மூளை கலங்கிவிட்டது என்றே நினைப்பார்கள்.

எனினும் இந்நாளில் உலகம் அப்படித்தான் வாங்குகிறது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் இணைய வழியே ஓர் ஏலக் கடையைத் திறந்தார். பின்னாளில் ஈபே என்று பெயர் பெற்ற அக்கடையில் முதன்முதல் விலைபோன பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுகோல். அதை ஒருவர் 14 டாலர் 83 செண்டுக்கு எடுத்தார் என்பது வரலாறு. உடைந்த பொருளை உடைந்தது என்று சொல்லியே விற்றார்கள். தெரிந்தே ஒருவர் வாங்கினார். வியாபாரத்துக்கு வேண்டிய முதல் அறம் அதில் இருக்கிறது என்பேன். விற்பவன் உள்ளதைச் சொல்லவேண்டும். வாங்குபவன் கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டும்.

இவ்வளவு பீடிகை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டில் டெல்லியிலுள்ள என் தாய்மாமன் இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய மர இழைப்பு இயந்திரத்தை இப்படித்தான் வாங்கினார். கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் அவர் அழைத்த எழுத்தன் நான். விடுதி அறையில் இருந்தபடியே ஓர் இறக்குமதி வணிகத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. பாடப் புத்தகத்தில் படித்த பல செய்திகள் அப்போதுதான் எனக்குப் புரிந்தன.

மாமாவின் பட்டறை கீர்த்தி நகரில் இருக்கிறது. மரக் கடைகளும் அறைகலன் கடைகளும் தெருத்தெருவாக நிறைந்த பகுதி அது என்பதை டெல்லி நண்பர்கள் அறிவார்கள். கதவு, சன்னல், கட்டில், மேசை செய்து கொடுப்பது அவர் தொழில். வேலை செய்பவர்கள் ஏழு பேர். அவர்களுக்கெல்லாம் தலைவர் சகாரன்பூரிலிருந்து வந்த ஒரு முதிய தச்சர். மாமா உள்பட எல்லாரும் அவரை "உஸ்தாத்" என்றே அழைப்பார்கள். அவருடைய இடக்கையில் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நுனி இல்லை. பட்டறையில் அதுவரை இருந்த பழைய இழைப்பு இயந்திரம் தின்ற விரல்கள் அவை.

அந்த இயந்திரத்தின் இயல்பைச் சற்று விளக்கவேண்டும். இழைப்புளியால் கையால் சீவுவதை இயந்திரம் செய்யும்போது, இரண்டு இரும்பு மேடைகளுக்கு நடுவே கத்திகள் பூட்டிய ஓர் உருளை சுழல்கிறது. பலகையை மேடைமேல் வைத்துத் தள்ளினால் அடிப்பக்கம் சீவப்பட்டு மட்டமாகிறது. அந்த உருளை பழைய அமைப்பில் சதுரக் கட்டையாக இருக்கும். சதுரம் சுழல இடம் வேண்டுமாதலால் மேடைக்கும் அதற்கும் இடையே அகன்ற பள்ளம் விடவேண்டும். பலகை துள்ளிக் கை நழுவினால் விரல் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். இறங்கினால் எலும்போடு போகும். உருளையை வட்டமாகச் செய்து, கத்தியின் விளிம்பு மட்டும் நூலளவு வெளியே தெரியும்படி வைத்தால், அதே விபத்தில் தோல் போகலாம், சதை போகலாம். விரல் பெரும்பாலும் தப்பும். இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டின் மரவேலை இயந்திர விதிகள், கையால் தள்ளி இழைக்கும் இயந்திரத்தில் வட்ட உருளையே இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டன. எங்கள் மாமாவின் பட்டறையில் இருந்ததோ சதுரக் கட்டை. அருகில் ஒரு வார்ப்படச் சாலையில் வார்த்துப் பொருத்தியது.

விபத்து நடந்த நாளில் மருத்துவச் செலவை மாமா ஏற்றார். நான்கு மாதம் வேலையின்றி இருந்த உஸ்தாதுக்குச் சம்பளமும் கொடுத்தார். ஆயினும் அவர் மனம் அமைதி பெறவில்லை. "மருமகனே, காசு கொடுத்துட்டா கணக்குத் தீந்துரும்னு நினைச்சேன். அவர் தினமும் அந்தக் கையாலேயே எனக்கு வணக்கம் சொல்றாரே, நான் என்ன செய்ய?" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். திருநெல்வேலிப் பேச்சு முப்பது ஆண்டு டெல்லி வாழ்க்கையிலும் அவரைவிட்டுப் போகவில்லை. அந்த மண்ணின் பிடிவாதமும் போகவில்லை. வேறு இயந்திரம் வாங்குவது என்று முடிவு செய்தார்.

வட்ட உருளை வைத்த புதிய இயந்திரங்கள் நம் நாட்டிலும் செய்யப்படுகின்றன, சீனத்திலிருந்தும் வருகின்றன. மாமா இரண்டைப் பார்த்தார். ஒன்றின் மேடை அவர் சாய்ந்தாலே நெளிந்தது. மற்றொன்று நன்றாக இருந்தது. விலைதான் அவருடைய ஓராண்டுச் சேமிப்புக்கும் எட்டாததாக இருந்தது. ஐரோப்பாவில் செய்த புதியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அப்போதுதான் இங்கிலாந்தின் பழைய இயந்திரங்கள் நினைவுக்கு வந்தன. மரவேலை இயந்திரத்துக்கு அது தாய்நாடு எனலாம். சாமுவேல் பெந்தம் என்பவர் 1791லும் 1793லும் இவ்வகை இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் மார்க் புரூனெல் வகுத்து, ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த இயந்திரங்கள் பாய்க்கப்பலுக்கு வேண்டிய கப்பிகளை உருவாக்கின. 110 தேர்ந்த தச்சர்களின் வேலையைப் பயிற்சியில்லாத 10 பேர் செய்தார்கள் என்பர். லெஸ்டர் நகரில் 1897இல் தொடங்கிய வாட்கின் நிறுவனத்தின் கனத்த வார்ப்பிரும்பு இயந்திரங்களை இன்றும் தச்சர்கள் மரியாதையோடு பேசுகிறார்கள்.

அத்தகைய நல்ல பொருள் அங்கே ஏன் மலிவாகக் கிடைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மலிவான பொருளைத் தொடக்கூடாது என்பது மாமாவின் சட்டம். தேடிப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெரிந்தன. முதலாவது, இவை மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. இங்கிலாந்தில் வீடுகளுக்கு ஒருமுனை மின்சாரமே வருகிறது; வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்பவர் அதை ஓட்ட வேறொரு கருவி வாங்கவேண்டும். இரண்டாவது, எடை. அரை டன் இரும்பை யார் தூக்குவது, எங்கே வைப்பது? மூன்றாவது காரணம் எங்களைச் சிந்திக்க வைத்தது. 1998ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிகளும் அவற்றையொட்டிய நெறிமுறைகளும் தொழிற்சாலை இயந்திரங்களுக்குத் தடைக்கருவி வேண்டும் என்று வற்புறுத்துகின்றன. மின்விசையை நிறுத்தினால் சுழலும் கத்தி பத்து விநாடிக்குள் நிற்கவேண்டும். பழைய இயந்திரங்களில் அது இல்லை. ஆகவே பல தொழிற்சாலைகள் அவற்றை விற்றுவிடுகின்றன.

என் அறைத் தோழர் சட்டம் படிப்பவர். இதைக் கேட்டதும், "அவர்கள் தொழிலாளிக்கு ஆகாது என்று கழித்ததை உங்கள் மாமா தம் தொழிலாளிக்கு வாங்குகிறாரா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. நான் அதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மோட்டார் கட்டுபவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். நிறுத்தியவுடன் மோட்டாருக்குள் சில விநாடி நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதுவே தடையாகிச் சுழற்சியை அடக்கும். பழைய மோட்டாருக்கும் அந்தக் கருவியைப் பொருத்தலாம் என்று அவர் விளக்கினார். மாமா அதன் விலையைக் கேட்டுத் தம் கணக்கேட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டார். இயந்திரத்தின் விலை எழுதுமுன் தடைக்கருவியின் விலை எழுதப்பட்டது. என் தோழரின் கேள்விக்கு அதைவிட நல்ல விடை இல்லை.

அடுத்தது தேர்வு. மின்சாரம் பற்றிய ஒரு நுட்பத்தை இங்கே சொல்லவேண்டும். அமெரிக்காவிலும் பழைய இயந்திரங்கள் ஏராளமாக ஏலத்துக்கு வருகின்றன. ஆனால் அங்கே மின்னோட்டம் விநாடிக்கு 60 சுற்று, நமக்கு 50. நான்கு முனைகள் கொண்ட மோட்டார் அங்கே நிமிடத்துக்கு 1800 சுற்றை ஒட்டி ஓடும். இங்கே அதே மோட்டார் 1500ஐத் தாண்டாது. கத்தியின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். இங்கிலாந்தின் மின்சாரமோ நம்முடையதைப்போல் 50 சுற்று. மின்னழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே. வெள்ளைக்காரன் விட்டுப்போன பலவற்றுள் இந்த ஒற்றுமை நமக்கு உதவியது.

படங்களை நம்பி இறங்க மாமா இசையவில்லை. நம் சங்கத்தில் முன்பு உறுப்பினராய் இருந்து இப்போது பர்மிங்காமில் பொறியியல் ஆராய்ச்சி செய்யும் அண்ணன் ஒருவருக்கு எழுதினேன். விடுமுறை நாளில் இரயில் ஏறிப் போய்ப் பார்த்துச் சொல்ல அவர் உடனே ஒப்புக்கொண்டார். தமிழில் அவருக்கு ஒரு வினாத்தாள் அனுப்பினோம். அதை வகுத்தவர் உஸ்தாத். அவர் இந்தியில் சொல்ல, மாமா திருநெல்வேலித் தமிழில் சொல்ல, நான் எழுதினேன். மேடையின்மேல் நேர்க்கோலை மூலைக்கு மூலை வைத்துப் பார். கோலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா? உருளையைக் கையால் சுற்றிவிட்டுக் காதை வை, கரகரப்பு உண்டா? மேடையை ஏற்றி இறக்கு. கடைசி வரை ஒரே சீராகப் போகிறதா? அடிப்புறம் விளக்குப் பிடித்துப் பார். பற்றவைத்த தழும்பு உண்டா?

இந்தக் கடைசிக் கேள்விதான் பணத்தைக் காத்தது. முதலில் பார்த்த இயந்திரம் படத்தில் மணப்பெண்போல் இருந்தது. பச்சை வண்ணம் பளபளத்தது. அடியில் விளக்குப் பிடித்தபோது வார்ப்பிரும்பு மேடையில் ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளையால் பற்றவைத்த கோடு தெரிந்தது. விற்பவர் தம் விளம்பரத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கேட்டபோது, "யாரும் கேட்கவில்லையே" என்றாராம். உடைந்த சுட்டுகோலை உடைந்தது என்று சொல்லி விற்ற முதல் நாளின் அறம் எல்லாருக்கும் நினைவிருப்பதில்லை போலும். அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது இயந்திரம் குற்றமற்றது. ஏலம் இங்கிலாந்தில் இரவு 9 மணிக்கு முடிவது. நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. இவ்வகை ஏலத்தின் முறை தனியானது. நாம் கொடுக்கத் துணியும் உச்ச விலையை இரகசியமாகப் பதிந்துவிடலாம். பிறர் ஏற ஏற நமக்காகக் கணிப்பொறியே படிப்படியாக ஏறும். வென்றால் நம் உச்ச விலையைக் கொடுக்கவேண்டியதில்லை. நமக்கு அடுத்தவர் சொன்ன விலைக்கு மேல் ஒரு படி கொடுத்தால் போதும். இரண்டாம் விலை ஏலத்தில் தன் உண்மையான மதிப்பைச் சொல்வதே ஒருவனுக்கு நன்மை என்பதை வில்லியம் விக்ரி 1961இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். 1996இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இதை நான் மாமாவுக்கு விளக்கத் தொடங்கினேன். "இதுக்கு நோபல் பரிசா? 700 பவுன்னு எழுது, எழுதிட்டுத் தூங்கு" என்றார் அவர்.

நான் தூங்கவில்லை. முடிய ஒரு நிமிடம் இருக்கும்வரை 520 பவுனில் நாமே முன்னால் நின்றோம். கடைசிப் பத்து விநாடியில் இருவர் பாய்ந்தார்கள். 910 பவுனுக்குப் போய்விட்டது. முடிவு நேரம் கண்டிப்பாக இருக்கும் ஏலங்களில் கடைசிக் கணத்தில் குதிப்போர் மிகுதி என்று ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஆக்கன்ஃபெல்சும் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். அன்றிரவு அதை நேரில் கண்டேன். காலையில் மாமாவிடம் வருத்தத்தோடு சொன்னபோது அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "நமக்கு அது 700க்கு மேலே பெறாது. பெறாததை விட்டதுக்கு ஏன் வருத்தம்?" என்றார். ஏலத்தில் வென்றவன் அளவுக்கு மீறிக் கொடுத்தவனாகவும் இருக்கக்கூடும் என்று பொருளியலார் நூல் எழுதுகிறார்கள். மாமா நூல் படித்தவர் அல்லர்.

ஐந்து வாரம் கழித்து மூன்றாவது வந்தது. வாட்கின் செய்த பன்னிரண்டு அங்குல இயந்திரம். மேலே மட்டம் சீவும், கீழே கனம் சீவும். விற்றவர் பழைய இயந்திரங்களையே வாங்கி விற்கும் சிறு வணிகர். உருளையின் மேல் பாலம்போல் நிற்கவேண்டிய காப்புத் தகடு காணாமற்போயிற்று என்பதை விளம்பரத்திலேயே எழுதியிருந்தார். அண்ணன் போய்ப் பார்த்து, வினாத்தாளுக்கு விடை எழுதி, "நேர்க்கோலுக்கு அடியில் வெளிச்சம் இல்லை" என்று முடித்திருந்தார். மீண்டும் 700 என்று எழுதினோம். 640 பவுனுக்குக் கிடைத்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 68,000 ரூபாய்.

வாங்கிவிட்டோம் என்று மகிழ்வது எளிது; கொண்டுவருவதுதான் வேலை. முதலில் பெட்டி. மரம் சீவும் இயந்திரம் மரப்பெட்டியில் வருவதற்கே ஒரு சட்டம் உண்டு. ஒரு நாட்டின் மரத்திலுள்ள புழுவும் வண்டும் மற்றொரு நாட்டின் காடுகளை அழித்துவிடக்கூடும் என்பதால், 2002இல் உலக நாடுகள் ஒரு நெறியை ஏற்றன. பெட்டி செய்யும் மரத்தின் உள்நடு வரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் ஏறவேண்டும், அல்லது மருந்துப்புகை ஊட்டவேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் முத்திரை குத்தவேண்டும். முத்திரை தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அடுத்தது கடல். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் 2023இன் இறுதி முதல் பல கப்பல்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. வாஸ்கோடகாமா வந்த நன்னம்பிக்கை முனை வழியே மாமாவின் இயந்திரமும் வந்தது. குஜராத்தின் முந்திராவில் இறங்கி, இரயிலில் ஏறி, டெல்லி துக்ளகாபாத் உள்நாட்டுச் சரக்கு நிலையத்தை அடைந்தது.

சுங்கத்தைப் பற்றிப் பலர் அச்சுறுத்தியிருந்தார்கள். விதியைப் படித்தால் அச்சம் பாதி குறையும். பழைய இயந்திரத்தை இறக்குமதி செய்ய இந்த இனத்தில் அப்போது தனி உரிமம் வேண்டியிருக்கவில்லை. வணிகருக்கு இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். பட்டயப் பொறியாளர் ஒருவர் பார்த்து, எப்போது செய்தது, இன்னும் எவ்வளவு காலம் உழைக்கும், விலை தகுமா என்று சான்று தரவேண்டும். தீர்வையை ஏல விலைமேல் மட்டும் போடுவதில்லை. கப்பற் கூலியும் காப்புறுதியும் சேர்த்துப் போடுகிறார்கள். அத்தொகையில் 100 ரூபாய்க்கு அடிப்படைத் தீர்வை அப்போது 7 ரூபாய் 50 காசாக இருந்தது. அதன்மேல் பத்தில் ஒரு பங்காகச் சமூகநலக் கூடுதல் 75 காசு. இவை சேர்ந்த 108 ரூபாய் 25 காசின்மேல் 18 விழுக்காடு சரக்கு வரி. ஆக 100க்கு 27 ரூபாய் 73 காசு. மாமாவுக்கு வந்தது 34,000 ரூபாய்க்குச் சற்று மேல். பதிவு பெற்ற வணிகராதலால் சரக்கு வரியைப் பின்னால் தம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது.

பெட்டியும் கப்பலும் தீர்வையும், முகவர் கூலியும் நிலைய வாடகையும், பொறியாளர் சான்றும் பாரந்தூக்கியும், தடைக்கருவியும் காப்புத் தகடும் எல்லாம் கூட்டியபோது 2,04,000 ரூபாய். ஏல விலையைப்போல் சரியாக மூன்று மடங்கு! இந்த ஒரு கணக்கைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் எனலாம். வெளிநாட்டு ஏலத்தில் விலை மலிவு என்று மயங்குவோர், மும்மடங்கு கையில் உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்க. மாமாவிடம் இருந்தது, ஏனெனில் அவர் ஏலத்துக்கு முன்பே ஒவ்வொரு வரியாக எழுதிக் கூட்டி வைத்திருந்தார். 700 பவுன் என்ற வரம்பு வானத்திலிருந்து விழுந்ததன்று. அந்தக் கூட்டலிலிருந்து கழித்து வந்தது.

இயந்திரம் பட்டறைக்குள் நுழைந்த அன்று ஊதுவத்தி ஏற்றினார்கள்; இனிப்பு வழங்கினார்கள். மின்சாரம் கொடுக்க உஸ்தாத் விடவில்லை. முதலில் தம் கையால் உருளையை மெல்லச் சுற்றினார். மேடைக்கும் உருளைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் ஒரு தீப்பெட்டியைச் செருகப் பார்த்தார், போகவில்லை. தலையை ஆட்டினார். "காப்புத் தகடு வரட்டும், அதன் பிறகு ஓட்டுவோம்" என்றார். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. மாமா அவசரப்படவில்லை.

பத்தாம் நாள் தகடும் பூட்டி, தடையும் பூட்டி, மோட்டாரை ஓட்டினார்கள். இரைச்சல் இல்லாத ஒரு சீரான ரீங்காரம். சிவப்புப் பொத்தானை மாமா அழுத்த, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு விநாடியில் கத்தி நின்றது. உஸ்தாத் ஒரு தேக்குப் பலகையை எடுத்து வைத்தார். விபத்துக்குப் பின் இழைப்பு வேலையை இளைஞர்களிடம் விட்டுவிட்டு அவர் ஒதுங்கியே நின்றவர் என்பதை அங்கிருந்த எல்லாரும் அறிவார்கள். இரண்டு தள்ளுகட்டைகளால் பலகையை அழுத்தித் தகட்டின் அடியே செலுத்தினார். மறுபக்கம் வந்ததைத் திருப்பி, நுனியில்லாத விரல்களால் தடவிப் பார்த்தார். "மேசை நேராக இருக்கிறது, பாபுஜி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மரத்தூள் பறந்திருக்கலாம்.

பழைய சதுரக் கட்டை இயந்திரத்தை வாங்க இரண்டு பேர் வந்தார்கள். நல்ல விலையும் சொன்னார்கள். மாமா உருளையைக் கழற்றி, அதைப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிட்டு, எஞ்சியதை மட்டும் விற்றார். அதனால் அவருக்கு நட்டம் சில ஆயிரம். தாம் கழித்த ஆபத்தை இன்னொருவன் தொழிலாளிக்கு விற்கக்கூடாது என்று அவர் எண்ணினார் போலும்; நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தொலைவிலுள்ள பொருளை வாங்குவதில் தவறில்லை. ஏன் மலிவு என்று கேட்டறிதல், நம்பத்தக்க ஒருவர் கண்ணால் பார்த்தல், உச்ச விலையை முன்னரே முடிவு செய்து அதில் நிற்றல், வழிச்செலவை முன்னரே கூட்டுதல் ஆகிய நான்கும் இருந்தால் கடல் ஒரு தடையன்று. இவற்றுள் இரண்டாவதற்கு நம் சங்கம்போன்ற அமைப்புகள் பெரிதும் உதவக்கூடும். இங்கே பயின்று சென்றவர்கள் இன்று உலகின் பல நகரங்களில் இருக்கிறார்கள். பொங்கல் வாழ்த்து அனுப்புவதோடு நில்லாமல், ஊரிலுள்ள ஒரு சிறு தொழிலாளிக்காக ஒரு விடுமுறை நாளில் இரயிலேறிப் போய், கையில் விளக்கோடு ஓர் இயந்திரத்தின் அடியில் குனிந்து பார்க்கவும் அவர்கள் முன்வருவார்கள் என்பதை நான் கண்டேன். அப்படி ஒரு தேவை எந்த உறுப்பினருக்கு நேர்ந்தாலும் தயங்காமல் எழுதுக.